மறுமொழி: ‘சூச்சர்’ – ‘மூட்டுவாய்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். நாம் மொழிபெயர்க்கும் புவியியல் கட்டுரையில் வரும் ‘சூச்சர்’ என்ற சொல், இரண்டு நிலத்துண்டுகள் மோதிச் சேர்ந்த ஓரத்தைக் குறிப்பது. அதைத் தமிழில் ‘மூட்டுவாய்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

> கிள்ளான் ஐயா எழுதியது: ‘நிலப்பிளவுக் கோடு’ என்றே விட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கு எளிதில் புரியும்.

ஐயா, இதை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. நான் இருப்பது மலேசியாவில், பகாங் மாநிலத்து ரவுப்பில். உலகப் புவியியலாளர்கள் ‘பெந்தோங்–ரவுப் சூச்சர்’ என்று எழுதும் பெயரில் பாதி எங்கள் ஊர். ‘ரவுப் வழியாக நிலப்பிளவுக் கோடு போகிறது’ என்று பாடக் குறிப்பில் அச்சிட்டால், அடுத்த வாரமே தோட்டத்து லயன் வீடுகளில் “நம்ம ஊரு ரெண்டாப் பொளக்கப் போவுதாமே” என்று பேச்சுக் கிளம்பிவிடும். வீண் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அறிவியலே தலைகீழாகிவிடுகிறது. இங்கே நிலம் பிளக்கவில்லை, சேர்ந்திருக்கிறது.

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் ஒரு காலத்தில் வெவ்வேறு நிலத்துண்டுகள். நடுவில் பழைய தெத்திசுக் கடல். அந்தக் கடல்தளம் கிழக்குத் துண்டின் அடியில் அமிழ்ந்துகொண்டே வந்து, 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், டிரையாசிக் காலத்தில் கடல் முழுதாக மூடிக்கொண்டது. மோதலில் தடித்துப்போன புவியின் மேலோடு அடியில் உருகியது. அப்படி உருகி எழுந்த கருங்கல்தான் தித்திவங்சா மலைத்தொடர். கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தின் வேரும் அதே கருங்கல்லில்தான். இத்தனையும் நடந்து முடிந்த இடத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

மூடிய கடலின் அடித்தளத்தை இங்கே கையில் எடுத்தே பார்க்கலாம். பெந்தோங்குக்கும் ரவுப்புக்கும் இடையில் சாலைக்காக வெட்டிய மேடுகளில் செர்ட் பாறை தெரியும். விரல் கனம், உள்ளங்கை கனம் என்று அடுக்கடுக்காக, சில இடத்தில் நிமிர்ந்து, சில இடத்தில் மடிந்து நிற்கும். கத்தி முனையால் கீறினால் கல்லில் கீறல் விழாது. கத்தியின் இரும்புதான் சாம்பல் நிறத்தில் தேய்ந்து ஒட்டும். ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் ஆழ்கடலில் படிந்து இறுகிய கல் அது. இந்த மூட்டுவாய்ப் பட்டையின் செர்ட்டுகளில் டிரையாசிக்குக்கும் முந்தைய டெவோனியக் காலத்திலிருந்து பெர்மியக் காலம் வரையுள்ள ரேடியோலேரியாவைக் கண்டெடுத்திருக்கிறார்கள். செம்பனை லாரிகள் போகும் சாலையோரத்தில் ஆழ்கடல்!

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘மூட்டுதல்’ நமக்குப் புதிய வினை இல்லை. கடையில் புதுக் கைலி வாங்கியதும் “மூட்டிக் குடுங்க” என்று தையல்காரரிடம் நீட்டுகிறோம். அவர் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டம் ஓட்டித் தருகிறார். மூட்டிய இடத்தில் கட்டம் கட்டத்தோடு சேராது, கோடு கோட்டோடு சேராது. எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் கண்ணுக்கு அது தெரிந்துவிடும். புவியியலாளர் சூச்சரைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். மேற்கே லங்காவியின் சிங்கா பாறை அமைப்பில், பெர்மியக் காலப் பனிக்கட்டி கொண்டுவந்து கடலில் போட்ட கற்கள் சேற்றுப்பாறைக்குள் பதிந்து கிடக்கின்றன. அந்தத் துண்டு அன்று தெற்கே கோண்டுவானா என்ற குளிர்ந்த பழம்பெருங்கண்டத்தின் ஓரத்தில் இருந்தது. கிழக்கே, இதே பகாங்கின் ஜெங்காவில், பெர்மியக் கால ஜைகன்டாப்டெரிஸ் இலைப்படிவங்கள் கிடைத்துள்ளன. அவை சூடான சீனத்துப் பக்கத் தாவரங்கள். ஒரே காலம், இரண்டு தட்பவெப்பம், இன்று ஒரே தீபகற்பம். கட்டம் சேராத அந்த ஓரம் எங்கள் ஊர்ப்பக்கம்.

> ஈப்போ ஆசிரியை அக்கா எழுதியது: அசையாத பாறை விரிசலை ‘மூட்டு’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே, குழம்பாதா?

குழம்பும், அக்கா. அதனால்தான் வெறும் ‘மூட்டு’ வேண்டாம் என்கிறேன். அது விரிசலுக்கே இருக்கட்டும். இதை எப்போதும் ‘மூட்டுவாய்’ என்று முழுதாக எழுதுவோம். ‘வாய்’ என்றால் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை. வெட்டுவாய் என்பதில் வரும் ‘வாய்’, விளிம்பையும் இடத்தையும் குறிப்பதுதான். ‘தையல்’ என்று இருவர் சொன்னார்கள். அது மருத்துவமனையில் நன்றாக வேரூன்றிவிட்டது, அங்கேயே இருக்கட்டும். மேலும் கிழிசலுக்கும் தையல், அழகுக்கும் தையல். இரண்டு ஓரத்தைச் சேர்ப்பதற்கு மட்டும்தான் மூட்டுதல். ‘ஒட்டு’ மேலோட்டமாக இருக்கிறது. மலையை எழுப்பிய மோதலுக்கு அது போதாது.

நாம் மொழிபெயர்க்கும் கட்டுரை புவி ஆய்வாளர் பீட்டர் மோல்னாரின் ஆய்வுகளைப் பற்றியது. அங்கும் இந்தச் சொல் பொருந்த வேண்டும். 1975இல் அவரும் பால் தப்போனியேயும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, நிலநடுக்க அலைகளையும் செயற்கைக்கோள் படங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. திபெத், சீனா, மங்கோலியா வரை நீளும் பிளவுப்பெயர்ச்சிகளுக்கும் (பாறை பிளந்து இரு பக்கமும் நகரும் இடங்கள்) இந்தியா வடக்கே முட்டித் தள்ளுவதற்கும் தொடர்பு உண்டு என்று காட்டியது. இந்தியாவும் ஆசியாவும் சேர்ந்த ஓரம் திபெத்தின் தெற்கில் உள்ள சிந்து–சாங்போ மூட்டுவாய். சேர்ந்து ஏறத்தாழ 5 கோடி ஆண்டு ஆகியும் இந்தியா நிற்கவில்லை, இன்றும் ஆண்டுக்குச் சுமார் 4 செ.மீ. நகர்கிறது. ஆனால் 2015 ஏப்ரலில் நேபாளத்தைக் குலுக்கிய 7.8 அளவு நிலநடுக்கம் அந்த மூட்டுவாயில் நிகழவில்லை. அதற்குத் தெற்கே, இமயமலையின் அடியில் சரிந்து இறங்கும் பிளவுப்பெயர்ச்சியில் நிகழ்ந்தது. சேர்ந்த இடம் வேறு, இன்று நகரும் இடம் வேறு. ஒரே சொல்லால் இரண்டையும் சொன்னால் மோல்னாரின் கட்டுரையே விளங்காது.

நம் பக்கமும் இதே நிலைதான். 2004 டிசம்பர் 26இன் 9.1 அளவு நிலநடுக்கம் சுமத்ராவுக்கு மேற்கே புவித்தட்டு அமிழும் எல்லையில் நிகழ்ந்தது. பினாங்கிலும் கெடாவிலும் ஆழிப்பேரலையால் உயிர்கள் போயின. 2007 கடைசியில் தொடங்கி எங்கள் பகாங்கின் புக்கிட் திங்கியில் சிறுசிறு அதிர்வுகள் வந்தன. சுமத்ரா அதிர்ச்சிக்குப் பின் அங்குள்ள பழைய பிளவுப்பெயர்ச்சிகள் மீண்டும் அசைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கு வேண்டிய சொல் ‘பிளவுப்பெயர்ச்சி’. அதைத் தாராளமாகப் பயன்படுத்துவோம், பயத்தை மறைக்கச் சொல்லவில்லை.

கட்டுரையில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “தெத்திசுக் கடல் மூடியதும் இரு கண்ட ஓரங்களும் மூட்டிக்கொண்டன. அந்த மூட்டுவாய்ப் பட்டையில் கடல்தளப் பாறைகள் சிக்கிக் கிடக்கின்றன.” வினையாகவும் பெயராகவும் தடையில்லாமல் வருகிறது. ‘தீ மூட்டுதல்’ குறுக்கே வரும் என்று யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். எனக்கு இந்த வாக்கியத்தில் அப்படித் தோன்றவில்லை.

‘பட்டை’யா ‘மண்டலம்’ஆ என்பதைக் கிள்ளான் ஐயா முடிவு செய்யட்டும். ‘ஓஃபியோலைட்’டுக்கு (நிலத்தின் மேல் ஏறிய பழைய கடல்தளப் பாறைத்தொகுதி) இன்னும் சொல் இல்லை, அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.

அன்புடன்,
ரவுப்பிலிருந்து