விர்ச்சுவல்பாக்ஸ்: நெட் வருது, ஆனா ரெண்டு விஎம்மும் ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குது

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் 11 லேப்டாப், விர்ச்சுவல்பாக்ஸ் 7 (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விஎம்மை, ஓட்டுற மென்பொருள்). உபுண்டு சர்வர் 22.04 போட்டு, அதையே க்ளோன் (அச்சு நகல்) பண்ணி ரெண்டாவது விஎம் எடுத்தேன். ஒண்ணுல வெப்சைட், இன்னொண்ணுல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், காலேஜ் ப்ராஜெக்ட். ரெண்டுலயும் நெட் வருது, அப்டேட்கூட ஆகுது. ஆனா வெப்சைட் விஎம்லேருந்து டேட்டாபேஸைத் தொட முடியல. ரெண்டுமே ஐபி 10.0.2.15ன்னு காட்டுது. ஆச்சரியம் என்னன்னா, பிங் (மறுமுனை பதில் சொல்லுதான்னு பார்க்கிற சோதனை) மட்டும் ஜோராப் போகுது, 0.03 மில்லி செகண்ட்!

பதில் 1:
போகாம என்ன செய்யும் தம்பி? உங்களுக்கு நீங்களே போன் போட்டு "ஹலோ" சொல்லிட்டிருக்கீங்க. விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பா போடுற நேட் மோடுல ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனியா ஒரு குட்டி ரவுட்டர். எல்லாத்துக்கும் 10.0.2.15தான், கேட்வே (வெளியே போற வாசல்) 10.0.2.2. வெளியே போக வழி உண்டு, பக்கத்து விஎம்முக்குப் போக வழி கிடையாது. பிரிட்ஜ்டு (விஎம் நேரா உங்க நெட்வொர்க்லயே சேர்ற மோடு) மாத்திப் பாருங்க.

கேட்டவர்:
மாத்தினேன் அண்ணா. இப்ப ஐபியே வரல, இருந்த நெட்டும் போச்சு. ஹாஸ்டல் வைஃபை.

பதில் 2:
ஹாஸ்டல் வைஃபைல பிரிட்ஜ்டு வேண்டாம். வீட்டு ரவுட்டர்ல கேபிள் சொருகி இருந்தா அது சரி. வைஃபை ஆக்சஸ் பாயின்ட் தன்கிட்ட லாகின் ஆன மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) மட்டும்தான் மதிக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் லேப்டாப்போட மேக்கை மாட்டிவிட்டு ஒப்பேத்தப் பார்க்கும். ஆனா ஒரு ஆளுக்கு ஒரு ஐபின்னு கறாரா இருக்கிற இடத்துல அது எடுபடாது.

அடாப்டர் 1ஐப் பழையபடி நேட்டுக்கே மாத்துங்க, நெட் அதுல வரட்டும். விஎம்மை அணைச்சிட்டு அடாப்டர் 2ஐ ஆன் பண்ணி ஹோஸ்ட்-ஒன்லி (லேப்டாப்பும் விஎம்களும் மட்டும் இருக்கிற உள் நெட்வொர்க்) குடுங்க. அதுக்கு 192.168.56ல ஆரம்பிக்கிற ஐபி வரும். விஎம்கள் பேசிக்கிறதும், விண்டோஸ்லேருந்து எஸ்எஸ்ஹெச்ல (நெட்வொர்க் வழியா லாகின்) போறதும் அது வழியா.

ஒண்ணு, உபுண்டு சர்வர் புது கார்டைத் தானா எழுப்பாது. நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவோட நெட்வொர்க் அமைப்புக் கோப்பு) ஈஎன்பி0எஸ்3க்குக் (முதல் கார்டு) கீழே ஈஎன்பி0எஸ்8ஐயும் (ரெண்டாவது கார்டு) சேர்த்து டிஹெச்சிபி (ஐபியைத் தானா வாங்குற முறை) ட்ரூன்னு எழுதணும். டேப் தட்டாதீங்க, ஸ்பேஸ் மட்டும். நான் ஒரு ராத்திரி முழுக்க முழிச்சது ஒரே ஒரு டேபுக்காக.

கேட்டவர்:
கார்டு எழுந்துடுச்சு. ஆனா ரெண்டுக்கும் 192.168.56.101! மேக் வேற வேறதான், சரிபார்த்துட்டேன்.

பதில் 2:
ஆங், க்ளோன்னு முதல்லயே சொன்னீங்க, நான்தான் கவனிக்கல. உபுண்டு ஐபி கேக்கும்போது மேக்கைச் சொல்லிக் கேக்காது. மெஷின்-ஐடிலேருந்து ஒரு அடையாளம் உருவாக்கி அதைச் சொல்லும். க்ளோன்ல அந்த ஐடியும் அப்படியே வந்திருக்கும். டிஹெச்சிபி சர்வருக்கு ரெண்டும் ஒரே ஆள்.

க்ளோன் பண்ணின விஎம்ல ஈடிசி கோப்புறைக்குள்ள இருக்கிற மெஷின்-ஐடி கோப்பை அழிக்காம, உள்ளே இருக்கிறதை மட்டும் காலி பண்ணிட்டு ரீபூட் பண்ணுங்க. புது ஐடி தானா வந்துடும்.

பதில் 1:
டேட்டாபேஸ் விஎம்முக்கு நெட்பிளான்ல நிலையான ஐபியே குடுத்துடலாமே. நாளைக்கு ஐபி மாறிச்சுன்னா வெப்சைட் கான்ஃபிகைத் திருத்திட்டு உக்காரணும். 192.168.56.10 போடுங்க. டிஹெச்சிபி 101லேருந்துதான் குடுக்கும், மோதாது. இந்தக் கார்டுக்கு மட்டும் கேட்வே எழுதாதீங்க, எழுதினா நெட் தடுமாறும்.

கேட்டவர்:
ரெண்டு யோசனையும் செஞ்சேன். 101லேருந்து 10க்கு பிங் போகுது, 0.6 மில்லி செகண்ட். இந்தத் தடவை நிஜமா வேற மெஷின்! நெட்டும் இருக்கு. ஆனா போஸ்ட்கிரெஸ் மட்டும் கனெக்‌ஷன் மறுக்கப்பட்டதுன்னு சொல்லுது...

பதில் 2:
நெட்வொர்க் வேலை முடிஞ்சது. போஸ்ட்கிரெஸ் இயல்பா லோக்கல்ஹோஸ்ட்ல (அதே மெஷினுக்குள்ள) மட்டும்தான் காது குடுக்கும். போஸ்ட்கிரெஸ் கான்ஃபிக்ல லிசன் அட்ரசஸ்ங்கிற வரியில் 192.168.56.10ஐச் சேருங்க, ஹெச்பிஏ கோப்பில் (யார் உள்ளே வரலாம்னு சொல்ற கோப்பு) வெப்சைட் விஎம்முக்கு அனுமதி எழுதுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க. அதுக்கப்புறமும் மல்லுக்கட்டினா தனி இழை போடுங்க தம்பி.