மூன்று வாரமாகக் கண் எரிச்சல், டிராப்ஸுக்கும் அடங்கவில்லை. இயற்கை வழி ஏதாவது?

பாதிராத்திரி (இரவு 11:52)
அவசரம். கண் வறண்டு போய் எரிகிறது, மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல். டிராப்ஸ் போட்டுப் பார்த்துவிட்டேன், பிரயோஜனம் இல்லை. மருந்து மாத்திரை வேண்டாம். இயற்கையாகச் சரிசெய்த அனுபவம் இருப்பவர்கள் உடனே சொல்லுங்கள்.

நடைவண்டி (இரவு 11:58)
எத்தனை நாளாக? ஒரு கண்ணா, இரண்டுமா? லென்ஸ் போடுவீர்களா? கண்ணில் அறுவை ஏதும் செய்ததுண்டா? என்ன டிராப்ஸ்?

தும்பைப்பூ (இரவு 12:01)
எத்தனை நாள் என்பது தலைப்பிலேயே இருக்கிறதே. படுக்கும்போது இமையில் விளக்கெண்ணெய் தடவிப் பாருங்கள், குளிர்ச்சி. உள்ளே ஒரு சொட்டு விட்டாலும் நல்லது என்பார்கள்.

ஒளிவட்டம் (இரவு 12:04)
நள்ளிரவில் திரையைப் பார்த்துக்கொண்டு இந்தக் கேள்வியைத் தட்டுகிறீர்கள். காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைக்கிறோம். திரை முன்னால் அது பாதிக்கும் கீழே போகும். இமைப்பதும் அரைகுறைதான், மேல் இமை கீழே வந்து தொடுவதே இல்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் எதையாவது 20 விநாடி பாருங்கள். திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், கண் அகலத் திறக்காது. வேறு எதுவும் வேண்டாம்.

மீன்கொத்தி (இரவு 12:10)
திரை எல்லாம் அப்புறம். ஒமேகா 3 குறைந்தால் கண்ணீரில் எண்ணெய் குறையும். நான் மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தேன், இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. வேறு வழியே இல்லை.

பழம்பெருசு (காலை 6:15)
மாதத்துக்கு நான்கு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள், பழைய இழைகளைப் புரட்ட ஒருவருக்கும் நேரமில்லை. போகட்டும், இன்னொரு முறை ஒப்பிக்கிறேன்.

தும்பைப்பூ, விளக்கெண்ணெய் சேர்ந்த கண் சொட்டு மருந்துகள் உண்டு. அவை கிருமி நீக்கிக் கண்ணுக்கென்றே தயாரித்தவை. சமையலறை பாட்டிலில் இருப்பதைக் கண்ணுக்குள் விடச் சொல்வது வேறு கதை. பன்னீர், தேன் என்று அடுத்து வரப்போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

பாதிராத்திரி, ‘டிராப்ஸ்’ என்றால் எது? சிவப்பைப் போக்கும் டிராப்ஸ் இரத்தக்குழாயைச் சுருக்கும், வறட்சிக்கு உதவாது. விட்டதும் சிவப்பு இன்னும் கூடித் திரும்பி வரும். ஸ்டீராய்டு டிராப்ஸைக் கேட்காமல் கொள்ளாமல் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறும். செயற்கைக் கண்ணீர்தான் என்றால், அதில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்டதை ஒரு நாளைக்கு ஆறேழு முறை போட்டால் அதுவே கண்ணை அரிக்கும்.

கேள்வியையே ஒழுங்காகக் கேட்காதவருக்கு இதற்கு மேல் என்ன சொல்ல.

பாதிராத்திரி (காலை 8:40)
இரண்டு கண்ணும். லென்ஸ் இல்லை, அறுவை இல்லை. டிராப்ஸ் பெயர் தெரியாது, பச்சை மூடி. மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. இன்னொன்று, கண்ணில் தண்ணீர் வேறு வடிகிறது. அப்படியென்றால் இது வறட்சியே இல்லையோ?

நடைவண்டி (காலை 8:47)
பச்சை மூடி! உறையில் சின்ன எழுத்தில் போட்டிருக்குமே, அதைப் பார்த்து எழுதுங்கள்.

தண்ணீர் வடிவது வறட்சிக்கு எதிர்ச்சாட்சி இல்லை. கண்ணீர் வெறும் தண்ணீர் அல்லவே. கண்ணோடு ஒட்டியிருக்கும் வழவழப்பு, நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் உறுத்தும், உறுத்தியதும் வெங்காயம் நறுக்கும்போது போலப் பொலபொலவென்று கொட்டும். அந்தத் தண்ணீர் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். அதனால்தான் அழுத கண்ணும் எரிகிறது.

மீன்கொத்தி (காலை 9:02)
எண்ணெய்ப் படலம் என்று நடைவண்டியே சொல்லிவிட்டார். ஆகவே ஒமேகா 3. நான் சொன்னதுதான்.

பழம்பெருசு (காலை 9:20)
இமையில் சுரக்கும் எண்ணெய் வேறு, நீங்கள் விழுங்கும் எண்ணெய் வேறு. அமெரிக்காவில் 535 பேரை வைத்து ஓராண்டு நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குத் தினம் 3,000 மில்லிகிராம் ஒமேகா 3, மற்றொரு பிரிவுக்கு ஆலிவ் எண்ணெய். இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

மீன்கொத்தி (காலை 9:31)
இரண்டு பிரிவிலுமே குணம் தெரிந்தது என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஆலிவ் எண்ணெயும் கொஞ்சம் வேலை செய்திருக்கலாமே. என் கண் எனக்குத் தெரியும்.

பழம்பெருசு (காலை 9:38)
எதுவும் எடுக்காமலே இரண்டு மாதத்தில் உங்களுக்குச் சரியாகியிருக்கவும் கூடும். ஒரு கண்ணுக்கு மாத்திரை கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காமல் பார்த்தீர்களா?

மீன்கொத்தி (காலை 9:41)
அது எப்படி ஐயா முடியும்.

ஒளிவட்டம் (காலை 9:44)
இருவரும் கைப்பேசியைக் கீழே வைத்தாலே பாதி வியாதி போய்விடும்.

நூல்கண்டு (காலை 10:30)
பாதிராத்திரி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். எரிச்சல் எப்போது அதிகம்? எழுந்ததுமா, பொழுது சாயும்போதா?

பாதிராத்திரி (காலை 10:52)
காலையில்தான், நூல்கண்டு சார். கண்ணைத் திறக்கவே வராது. பீளை காய்ந்து இமை ஒட்டிக்கொண்டிருக்கும், நனைத்துத்தான் பிரிப்பேன். மத்தியானத்துக்கு மேல் பரவாயில்லை.

நூல்கண்டு (காலை 11:15)
சார் இல்லை, அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் திரை முதல் குற்றவாளி இல்லை. திரையால் வருவது பகல் ஏற ஏறத்தான் கூடும். எழும்போதே எரிந்தால், இரவில் கண்ணுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். காற்றாடியோ ஏசியோ நேராக முகத்தில் அடிக்கிறதா? தூங்கும்போது இமை முழுக்க மூடுகிறதா? சிலருக்குக் கீழே ஒரு கீற்று திறந்தே இருக்கும், தூங்குகிறவருக்குத் தெரியாது. வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இமையோர அழற்சி. எனக்கு இதுதான். மருத்துவர் என் கீழ் இமையை விரலால் லேசாக அழுத்தினார். தெளிந்த எண்ணெய் வர வேண்டிய இடத்தில் பற்பசை மாதிரி வெள்ளையாக வந்தது. அதை இளக்க வெந்நீர் ஒத்தடம்தான். இயற்கை வழி கேட்டீர்களே, இருப்பதில் உருப்படியானது இதுவே. ஆனால் நனைத்துப் பிழிந்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். பக்கத்தில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி நனைத்து, பொறுக்கிற சூட்டில் பத்து நிமிடமாவது வைக்க வேண்டும். பிறகு இமையோரத்தை மெல்ல நீவித் துடைக்க வேண்டும். நான் முதல் மாதம் முழுக்க ஆறிய துணியை வைத்துக்கொண்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று புலம்பினேன்.

மாத்திரை எதுவும் இல்லை என்பது நிச்சயமா?

பாதிராத்திரி (மதியம் 1:07)
தும்மலுக்கு ராத்திரி ஒன்று போடுகிறேன். அலர்ஜி மாத்திரை, ஒரு மாதமாக. அதெல்லாம் மாத்திரைக் கணக்கில் வருமா? காற்றாடி கட்டிலுக்கு நேரே இருக்கிறது.

நடைவண்டி (மதியம் 1:09)
மாதம் ஒன்று. எரிச்சல் மூன்று வாரம். அடடா.

பழம்பெருசு (மதியம் 1:25)
மாத்திரைக் கணக்கில் வராமல் மளிகைக் கணக்கிலா வரும்? அதைப் போட்டால் மூக்கொழுக்கு நிற்கிறது, வாய் உலர்கிறது இல்லையா? கண்ணீரிலும் அதே கைவரிசை. தூக்கம் வரவைக்கும் பழைய ரகங்களில் இது இன்னும் அதிகம். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், சில மனச்சோர்வு மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரை, இவையும் இதே வேலையைச் செய்யும்.

நூல்கண்டு (மதியம் 1:40)
நீங்களாக நிறுத்த வேண்டாம், கொடுத்தவரிடமே கேளுங்கள், மாற்று இருக்கும். கண் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். இமையோரத்தில் சின்னத் தாளை ஐந்து நிமிடம் வைத்து எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள், வலிக்காது. வாயும் எப்போதும் வறண்டு மூட்டும் வலித்தால் அதையும் சொல்லுங்கள், ஷோகிரன் நோயில் அப்படி இருக்கும். ஒரு கண் மட்டும் வலித்தாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ ஒத்தடம் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், அன்றே போங்கள்.

தும்பைப்பூ (மதியம் 2:15)
இமைக்கு வெளியே விளக்கெண்ணெய் தடவலாமா, அதுவும் கூடாதா? யாரும் பதில் சொல்லவில்லை.

பாதிராத்திரி (12 நாள் கழித்து, இரவு 11:31)
காற்றாடியைத் திருப்பி வைத்தேன். மாத்திரைக்குப் பதில் மூக்கில் அடிக்கும் மருந்து கொடுத்தார்கள். காலையில் கண் ஒட்டுவதில்லை. ஒத்தடம் நாலு நாள் போட்டேன், அப்புறம் விட்டுவிட்டேன். நன்றி அக்கா.

மீன்கொத்தி (இரவு 11:40)
இடையில் மீன் எண்ணெய் எடுத்தீர்களா?

மீன்கொத்தி (மறுநாள் காலை 9:05)
பாதிராத்திரி?