குறுமண்டலங்களில் கரும்பொருள்: சூழல் செதுக்குகிறதா, உள்ளேயே மாறுகிறதா?

வைத்திக்குப்பம் செல்வி:
1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டினார்கள். தெற்கேயிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைபட்டது. எங்கள் குப்பத்தில் வலை காயப்போட்ட கரையே போய், கருங்கல் வந்தது. பக்கத்தில் இருப்பது எவ்வளவு மாற்றும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். நம் பால்வெளியைச் சுற்றும் குறுமண்டலங்களிலும், அதாவது சிறிய விண்மீன் மண்டலங்களிலும், பால்வெளியின் ஈர்ப்புதான் கரும்பொருளை, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும் பொருளை, விளிம்பிலிருந்து உரித்துக்கொண்டே வருகிறது. 1994-இல் கண்டுபிடித்த தனுசு குறுமண்டலம் இப்போதும் பிய்ந்துகொண்டுதானே இருக்கிறது?

முதுநகர் வாத்தியார், கடலூர்:
உரிவதை மறுக்கவில்லை அம்மா. கேள்வி நடுப்பகுதியைப் பற்றியது. டிராகோ, ஃபோர்னாக்ஸ் என்ற இரண்டு குறுமண்டலங்களில் டிராகோதான் பால்வெளியை அதிகம் நெருங்கிப் போகிறது. உங்கள் கணக்குப்படி அதுதான் தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதன் மையத்தில் கரும்பொருள் நெருக்கமாகக் கிடக்கிறது. ஃபோர்னாக்ஸில்தான் பரவலாக இருக்கிறது. டிராகோவில் சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே விண்மீன் பிறப்பு நின்றுவிட்டது. ஃபோர்னாக்ஸில் அது வெகுகாலம் தொடர்ந்தது. சூப்பர்நோவாக்கள், அதாவது ஆயுள் முடிந்த விண்மீன்கள், வெடித்து வாயுவைத் திடீரென வெளியே தள்ளும்போது ஈர்ப்பின் பிடி தளரும், கரும்பொருள் சற்று விலகும். வாயு திரும்பி வந்தாலும் கரும்பொருள் முழுதாகப் பழைய இடத்துக்கு வராது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் மையத்தில் கரும்பொருளின் அடர்த்தி தட்டையாகிவிடும்.

வைத்திக்குப்பம் செல்வி:
டிராகோவின் அடுப்பை அணைத்தது யார், சார்? மகெல்லன் மேகங்கள் என்ற இரண்டு துணை மண்டலங்கள் நீங்கலாகப் பால்வெளிக்கு அருகில் உள்ளவற்றில் வாயு அநேகமாக இல்லை. தள்ளியிருப்பவற்றில் இருக்கிறது. பால்வெளியைச் சூழ்ந்த சூடான வாயு எதிர்காற்றுபோல அடித்துப் பறித்துக்கொள்கிறது. அதுவும் சூழல்தானே? இன்னொன்று, தளர்ந்த மையம் உள்ளவற்றில் பால்வெளியை மிக நெருங்கியவை சிதைந்தே போயிருக்கும். நாம் பார்ப்பது பிழைத்தவற்றை மட்டும்.

முதுநகர் வாத்தியார், கடலூர்:
பிழைத்தவை பற்றிய வாதம் வலுவானது. அணைத்தது பால்வெளிதான் என்பதை ஏற்க மாட்டேன். அவ்வளவு பழைய காலத்தில் டிராகோ இங்கே வந்து சேர்ந்திருந்ததா என்பதே விவாதத்தில் இருக்கிறது.

வைத்திக்குப்பம் செல்வி:
சரி, 2016-இல் அறிவித்த கிரேட்டர் 2 என்ற குறுமண்டலம்? சுமார் 3.8 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு. விண்மீன்களின் வேகச் சிதறல், அதாவது அவற்றின் வேகங்கள் வேறுபடும் அளவு, நொடிக்கு 3 கிலோமீட்டர்கூட இல்லை; அது குறைந்தால் உள்ளே ஈர்ப்பும் குறைவு. டிராகோவில் ஏறக்குறைய 9. உருவமோ டிராகோவைவிடப் பல மடங்கு பெரிது. உரிபடாமல் இந்த மெலிவு வருமா?

முதுநகர் வாத்தியார், கடலூர்:
வராது. ஆனால் அடர்ந்த மையத்தோடு தொடங்கிய மண்டலத்தை அந்த வேகம் வரும்வரை உரித்தால் உருவமும் சுருங்கிவிடும். கிரேட்டர் 2 பரந்து கிடக்கிறதே! பால்வெளி கைவைக்கும் முன்பே அதன் மையம் தளர்ந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.