கலைச்சொல் விவாதம்: ‘ஆல்கலினிட்டி’க்குக் காரத்தன்மை பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கான கையேட்டுக்கு நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் பல சொற்கள் சிக்கலின்றி முடிந்துவிட்டன. தொட்டிநீரின் கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மருக்கு ‘நுரைப்பிரிப்பான்’ என்பதை யாரும் மறுக்கவில்லை. வளர்ந்த பவளத்திலிருந்து வெட்டி வேறிடத்தில் ஒட்டும் துண்டுக்குத் தோட்டக்காரர்களின் ‘பதியன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று இந்த இழையைத் தொடங்கிய நண்பர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தாயிலிருந்து பிரித்தது, பிழைத்துப் பற்றிக்கொள்ளும் வரை கவனம் வேண்டியது என்ற இரண்டும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கின்றன. இன்று ஆல்கலினிட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற சொற்களில் பிழை இருந்தால் படிப்பவர் சற்றுத் தடுமாறுவார், அவ்வளவுதான். இந்தச் சொல்லில் பிழை இருந்தால் தொட்டியில் பவளம் சாகும்.

> அகராதிகளில் ‘காரத்தன்மை’ என்று ஏற்கெனவே இருக்கிறதே. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

நியாயமான கேள்விதான். ஆனால் பள்ளியில் வேதியியல் படித்த எவரிடமும் ‘இந்த நீர் காரத்தன்மை உடையது’ என்று சொல்லிப் பாருங்கள். நீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவான பிஎச் 7-க்கு மேல் இருக்கிறது என்றுதான் புரிந்துகொள்வார். அப்படிப் புரிந்துகொள்வது சரியும்கூட. அந்தச் சொல் அந்தப் பொருளில் ஊன்றிவிட்டது. ஆல்கலினிட்டியோ வேறொன்று. அமிலம் சேரச் சேர எவ்வளவு வரை நீர் அதை ஏற்றுச் சமன் செய்ய முடியும் என்பதன் அளவு அது. பிஎச் அந்த நேரத்து நிலையைச் சொல்கிறது. ஆல்கலினிட்டி அந்த நிலையைக் காக்க நீரிடம் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறது.

இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்றால் ஒரே சொல் போதும் என்று விட்டுவிடலாம். அப்படி நடப்பதில்லை. சன்னல்களை மூடிவைத்த அறையில் பலர் கூடியிருந்தால் காற்றில் கார்பன் டைஆக்சைடு கூடும். அது தொட்டி நீரில் கரைந்து பிஎச்-ஐ 8.3-லிருந்து 7.9-க்குக் கூட இறக்கிவிடும். ஆல்கலினிட்டி அப்போது இம்மியும் மாறாது. சன்னலைத் திறந்தால் பிஎச் தானாக ஏறும். ‘காரத்தன்மை குறைந்துவிட்டது’ என்ற வரியைக் கையேட்டில் படித்தவர் இந்த நேரத்தில் என்ன செய்வார்? ஆல்கலினிட்டியை உயர்த்தும் பொடியை எடுத்துக் கொட்டுவார். தேவையே இல்லாத இடத்தில் ஆல்கலினிட்டி ஒரே நாளில் துள்ளி ஏறும். அக்ரோபோரா போன்ற சிறுமொட்டுப் பவளங்களின் நுனித் திசு கருகி உரியும்.

இன்னும் தெளிவான சான்று சமையல் சோடா. சோடியம் பைகார்பனேட்டைத் தொட்டியில் கரைத்துவிட்டால் ஆல்கலினிட்டி ஏறும், பிஎச் சற்றே இறங்கும். இதைத் தமிழில் எழுதும்போது ‘காரத்தன்மையை உயர்த்தினால் காரத்தன்மை சற்றே குறையும்’ என்று எழுதப் போகிறோமா? சலவைச் சோடாவான சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தால் இரண்டும் ஏறும். எதை எப்போது சேர்ப்பது என்று தேர்ந்தெடுப்பதே பவள வளர்ப்பின் அன்றாட வேலை. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும் கையேடு அந்த வேலைக்கு உதவாது.

‘காரத்துவம்’ என்று சற்றே மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. ஓர் அமில மூலக்கூறில் பதிலீடு செய்யத்தக்க ஹைட்ரஜன் எத்தனை என்பதைக் குறிக்கப் பாடநூல்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. அதோடு, இவ்வளவு நெருக்கமான இரண்டு சொற்களை வேறுபடுத்தி நினைவில் வைத்துக்கொள்வது யாருக்கும் எளிதல்ல.

> தொட்டிக்காரர்கள் கேஎச் என்றுதானே அளக்கிறார்கள்? ‘கார்பனேட் கடினத்தன்மை’ என்று நேராகச் சொல்லிவிடலாம்.

கேஎச் என்பது ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். அதன் நேர்ப்பொருள் இதுதான் என்பதை ஏற்கிறேன். ஆனால் கடினத்தன்மை என்றால் நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும். கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் ஏறத்தாழ 410 மில்லிகிராம், மெக்னீசியம் ஏறத்தாழ 1,290 மில்லிகிராம். இரண்டையும் சேர்த்து, கேஎச்சை அளக்கும் அதே ஜெர்மன் பாகையில் கணக்கிட்டால் கடினத்தன்மை 350 பாகையைத் தாண்டுகிறது. ஆல்கலினிட்டியோ இயற்கைக் கடல்நீரில் சுமார் 6.5 முதல் 7 டிகேஎச் (கேஎச்சின் பாகை). நன்னீர் மீன் தொட்டியில் பழகியவர் கடினத்தன்மை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கடல்தொட்டிக்கு வந்தால் எந்த எண்ணைப் பார்ப்பது என்றே அவருக்குத் தெரியாது. அலகின் பெயராக டிகேஎச் இருக்கட்டும். அளவின் பெயராக வேண்டாம்.

> ‘அமிலந்தாங்குதிறன்’ எப்படி? பிஎச் எளிதில் மாறாமல் காக்கும் கரைசலுக்குப் பாடநூலில் ‘தாங்கல் கரைசல்’ ஏற்கெனவே இருக்கிறது. வரையறைக்கும் சரியாகப் பொருந்துகிறது.

இதுவரை வந்தவற்றில் வலுவான சொல் இதுதான். நீர்த்தரம் பற்றிய நூலில் இதையே எழுதினால் நான் மறுக்க மாட்டேன். பவள வளர்ப்பில் மட்டும் இது பாதிதான் பேசுகிறது என்பது என் எண்ணம். ஏனென்று சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பவளம் தன் கூட்டைக் கட்டுவது அரகொனைட் வடிவக் கால்சியம் கார்பனேட்டால். அதற்கு வேண்டிய கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியில் உணவு தயாரிக்கும் நேரத்தில் இந்தக் கட்டுமானம் விரைவாக நடக்கிறது. விளக்கு எரியும் பகற்பொழுதில், பாசிகள் கார்பன் டைஆக்சைடை உறிஞ்சுவதால் பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும். அதே வேளையில் பவளம் எடுத்துச் செலவழிப்பதால் ஆல்கலினிட்டி இறங்கிக்கொண்டே இருக்கும். பவளம் நெருக்கமாக வளர்ந்த தொட்டியில் நாளொன்றுக்கு 1 முதல் 2 டிகேஎச் வரை இப்படிக் குறையலாம். பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது உண்டாகும் அமிலமும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும்.

இங்கே கால்சியத்தின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஆல்கலினிட்டியின் நிலைமை எவ்வளவு நெருக்கடியானது என்பது புரியும். லிட்டருக்கு ஒரு மில்லிச்சமானம், அதாவது 2.8 டிகேஎச் செலவாகும்போது கால்சியம் 20 மில்லிகிராம் மட்டுமே குறைகிறது. 420-லிருந்து 400-க்கு இறங்கினால் கால்சியத்தில் இருபதில் ஒரு பங்குகூடப் போகவில்லை. 7-லிருந்து 4.2-க்கு இறங்கினால் ஆல்கலினிட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. கூடு கட்டும் இரண்டு பொருள்களில் முதலில் தீர்ந்துபோவது எப்போதும் இதுதான். பிஎச் அளவி 8.2 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருப்பவரின் தொட்டியில் பவளம் வளர்ச்சியை நிறுத்தியிருக்கும். அடிப்பகுதியிலிருந்து திசு விலகத் தொடங்கியிருக்கும்.

ஆகவே வளர்ப்பவருக்கு ஆல்கலினிட்டி வெறும் தாங்கும் ஆற்றல் அல்ல. நாள்தோறும் செலவாவது, நாள்தோறும் நிரப்ப வேண்டியது. ‘திறன்’ குறையும், கூடும். அதைச் செலவழிப்பதாகவோ நிரப்புவதாகவோ தமிழில் சொல்வதில்லை. ‘அமிலந்தாங்குதிறனை நிரப்பினேன்’ என்று எழுதினால் காதுக்கு உறுத்துகிறது. அமிலம் என்று தொடங்குவதால், தொட்டியில் அமிலம் ஏதோ இருக்கிறது போலும் என்ற மயக்கமும் புதியவருக்கு வரும்.

இதை வைத்து முதலில் ‘காரவிருப்பு’ என்று ஆக்கிப் பார்த்தேன். காரம் என்ற சொல்லின் ஈற்று மகரம் கெட்டு, இருப்பு என்பதோடு வகர உடம்படுமெய் பெற்றுச் சேரும், இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் படிப்பவர் கண்ணுக்கு ‘கார விருப்பு’ என்றே பிரிந்து தெரியும், உறைப்பான உணவின் மீது ஆசை என்ற பொருளில். அதைக் கைவிட்டுவிடலாம்.

என் பரிந்துரை ‘காரக்கையிருப்பு’. கையிருப்பு என்ற சொல்லுக்கு விளக்கமே தேவையில்லை. கையில் எவ்வளவு இருக்கிறது, நாள் ஒன்றுக்கு எவ்வளவு போகிறது, எப்போது நிரப்புவது என்று கேட்கவைக்கும் சொல் அது. வாக்கியங்களில் வைத்துப் பாருங்கள்:

‘நேற்று இதே நேரம் காரக்கையிருப்பு 8.4 டிகேஎச், இன்று 7.6.’

‘அறையில் கார்பன் டைஆக்சைடு கூடியதால் பிஎச் இறங்கியிருக்கிறது. காரக்கையிருப்பு மாறவில்லை, எதையும் சேர்க்க வேண்டாம்.’

‘காரக்கையிருப்பை ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் உயர்த்தாதீர்கள்.’

சோதனை முறையையும் இந்தச் சொல் தானே விளக்கிவிடுகிறது. குப்பியில் அளந்த நீரில் நிறங்காட்டியைக் கலந்து, அமிலத்தைத் துளித்துளியாக விட்டு எண்ணுகிறோம். பிஎச் 4.5 அருகே வந்ததும் நிறம் மாறுகிறது. அங்கே கையிருப்பு தீர்ந்தது; எத்தனை துளி பிடித்ததோ அதுவே அளவு. புதியவர் ஒருவருக்கு ஏன் துளிகளை எண்ணுகிறோம் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூட்டுச் சொற்களும் எளிதாக வருகின்றன. மொத்தக் காரக்கையிருப்பு, கார்பனேட்டுக் காரக்கையிருப்பு, போரேட்டுக் காரக்கையிருப்பு. கடைசியது தேவையா என்று கேட்கலாம். கடல்நீரின் மொத்த அளவில் போரேட்டின் பங்கு சிறியதுதான். ஆனாலும் சில செயற்கை உப்புகளில் போரான் கூடுதலாக இருக்கும். அந்த நீரில் சோதனை நல்ல எண்ணைக் காட்டினாலும் பவளத்துக்குப் பயன்படும் பைகார்பனேட் அந்த அளவுக்கு இருக்காது. பெயர் வைத்திருந்தால்தான் இதை எச்சரிக்க முடியும்.

> ‘காரம்’ என்று சொல்லலாமா? பைகார்பனேட் வலுவான காரம் இல்லையே.

வேதியியல் படித்த நண்பரின் இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. நீரில் சோடாக் காரம் ஏதோ சேமித்து வைக்கப்பட்டிருப்பதாக யாராவது எண்ணிவிடுவார்களோ என்பது அவர் கவலை. ஆனால் அமிலத்தின் புரோட்டானை ஏற்பது காரம் என்ற வரையறைப்படி, பைகார்பனேட் இங்கே காரத்தின் வேலையைத்தான் செய்கிறது. வலிமையை இந்தச் சொல் பேசவில்லை, இருப்பைப் பேசுகிறது. இலங்கைப் பாடநூல் வழக்கில் பேஸ் என்பதற்கு ‘மூலம்’ என்றும், நீரில் கரையும் மூலத்துக்கே ‘காரம்’ என்றும் பிரித்துச் சொல்வதுண்டு. அங்குள்ள நண்பர்களுக்குக் காரக்கையிருப்பு உறுத்துகிறதா என்பதை அவர்களே சொல்ல வேண்டும். ‘மூலக்கையிருப்பு’ என்றால் ‘மூலக்கூறு’ போலத் தோன்றுகிறது என்பதால் நான் அதைத் தவிர்க்கவே விரும்புகிறேன்.

‘காரத்தன்மை’ என்ற சொல்லைக் கையேட்டிலிருந்து விலக்கச் சொல்லவில்லை. பிஎச் 7-க்கு மேலுள்ள நீரின் இயல்பைச் சொல்ல அது வேண்டும். கடல்நீர் காரத்தன்மை உடையது. அதன் காரக்கையிருப்பு 7 டிகேஎச். இரண்டு வாக்கியமும் அருகருகே நிற்கும்போது படிப்பவருக்கு வேறுபாடு தெரிந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. நீளம் கருதி ‘கார இருப்பு’ என்று பிரித்தே எழுதலாம் என ஒருவர் தனிமடலில் சொன்னார். விருப்பு என்ற மயக்கம் அதில் நீங்கும். ஆனால் பேசும்போது வகரம் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். சோதனைப் பெட்டியின் மேல் அச்சிட இடம் குறைவு என்றால் அலகை மட்டும் அச்சிடலாமே. ஞாயிறு வரை மறுப்புகளுக்காகக் காத்திருக்கிறேன். வலுவான மறுப்பு வராவிட்டால், நீர்ச்சோதனை அத்தியாயத்தில் 14 இடங்களில் வரும் ‘காரத்தன்மை’யை ஒவ்வொன்றாகப் பார்த்து, பொருளுக்கு ஏற்ப மாற்றி அனுப்புகிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரேயடியாக மாற்றக் கூடாது. அவற்றுள் சில உண்மையிலேயே பிஎச்-ஐப் பேசுகின்றன.

அன்புடன்.