மகள் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கப் போகிறேன் என்கிறாள், சோறு போடுமா?

தாம்பரம் அம்மா:
மகளுக்கு வயது 17. வெஸ்டர்ன் வயலினில் கிரேடு தேர்வுகளில் கடைசியான எட்டாம் கிரேடு முடித்துவிட்டாள். பிளஸ் டூ முடிந்ததும் ஜெர்மனியில் இசைக் கல்லூரியில் சேர்ந்து, அங்கேயே ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். அவள் அப்பா, "இன்ஜினியரிங் படி, வயலினைச் சாயங்காலம் வாசி" என்கிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறேன். தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ரெண்டாவது ஸ்டாண்ட்:
அவள் அப்பா சொல்வதைக் கேளுங்கள், அம்மா. நான் 22 வருடம் சினிமா ரெக்கார்டிங்கில் வயலின் வாசித்தவன். இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர், உள்பக்கம் உட்காருபவர் பக்கம் புரட்ட வேண்டும். நான் உள்பக்கம். ஹால் நிறைய ஸ்ட்ரிங்ஸ் இருந்த காலத்தில், காலையில் ஒரு கால்ஷீட், மத்தியானம் ஒன்று என்று ஓடினேன். அப்புறம் கீபோர்டு வந்தது. நிஜ ஸ்ட்ரிங்ஸ்தான் வேண்டும் என்றவர்களும் புடாபெஸ்ட்டிலும் மாசிடோனியாவிலும் இருக்கும் குழுக்களை வைத்துப் பதிவு செய்தார்கள். கடைசி இரண்டு வருடத்தில் என்னைக் கூப்பிட்டது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். பென்ஷன் கிடையாது. என் கூட வாசித்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்கள்.

வியோலா:
வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஜெர்மனியில் வளர்ந்தவள். ஒரு நகர ஓபரா ஆர்கெஸ்ட்ராவில் வியோலா, அதாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம், வாசிக்கிறேன். அண்ணா சொன்ன வலி உண்மை. ஆனால் அது நாள் கூலி. இங்கே ஆர்கெஸ்ட்ரா வேலை மாதச் சம்பளம். தொழிற்சங்கம் பேசி முடித்த பொது ஒப்பந்தம், விடுமுறை, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அரசுப் பணத்தில் நடக்கும் தொழில்முறைக் குழுக்கள் 130-ஐ ஒட்டி இருக்கின்றன. இத்தனை குழுக்கள் வேறு எந்த நாட்டிலும் இல்லை.

உள்ளே போவதுதான் சரியான கஷ்டம். வயலின் என்றால் முதல் சுற்றில் தனி வயலினுக்கு மோட்சார்ட் எழுதிய ஒரு கான்செர்ட்டோ, பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நின்று. சில நிமிடத்திலேயே "நன்றி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தாண்டினால் ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளிலிருந்து கடினமான பகுதிகள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் ஹுவான்' முதல் பக்கம் கட்டாயம் வரும். ஓட்டுப் போடுவது அந்தக் குழுவில் வாசிப்பவர்களேதான். எடுத்த பிறகும் ஒரு வருடம் சோதனைக் காலம், அதன் முடிவில் திரும்ப ஓட்டு. நான் பதினொரு இடத்தில் தோற்று, பன்னிரண்டாவதில்தான் உள்ளே வந்தேன்.

மினசோட்டாக்காரன்:
தங்கச்சி, மாதச் சம்பளம் என்ற வார்த்தையை நம்பி ஒரு பெண்ணை விமானம் ஏற்றாதீர்கள். இங்கே அமெரிக்காவில் மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவிலும் மாதச் சம்பளம்தான் இருந்தது. 2012-இல் நிர்வாகம் சம்பளத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கச் சொன்னது. ஒப்புக்கொள்ளாத கலைஞர்களை அக்டோபரில் வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டியது. அதே நேரத்தில் அரங்கத்தைப் புதுப்பிக்க ஏறத்தாழ 5 கோடி டாலர் செலவழித்தார்கள். பூட்டு திறக்க 15 மாதம் ஆனது. அதற்குள் பலர் வேறு ஊர்க் குழுக்களுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் 15 சதவீதக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டார்கள். டெட்ராய்ட்டில் 2010-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு மாதம் நீண்டது. 2011-இல் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா திவால் மனுவே போட்டது.

இதில் யாரும் திருடர் இல்லை. பாமோல், போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். பீத்தோவனின் ஒரு நால்வர் இசைக்கு அவர் காலத்தில் எத்தனை ஆள், எத்தனை நிமிடம் தேவைப்பட்டதோ, இன்றும் அதேதான். தொழிற்சாலையில் ஒரு ஆள் செய்யும் வேலை பத்து மடங்கு கூடிவிட்டது. அங்கே சம்பளம் ஏற ஏற இங்கேயும் ஏற்றியாக வேண்டும். வரவு மட்டும் ஏறாது. டிக்கெட் பணம் செலவில் பாதியைக்கூடத் தொடாது.

வியோலா:
அண்ணா, அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. அந்தக் கணக்கு தெரிந்துதான் இங்கே ஆர்கெஸ்ட்ராவைக் கடைபோல் நடத்துவதில்லை. நூலகம் லாபம் தருமா என்று யாரும் கேட்பதில்லையே? நகரமும் மாநிலமும் வரவுசெலவுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்குகின்றன. உங்கள் ஊரில் பணக்காரரின் நன்கொடையையும் பங்குச்சந்தையில் போட்ட நிதியையும் நம்பியிருக்கிறார்கள். 2008-இல் சந்தை விழுந்ததும் அந்த அடி நேரே மேடையில் விழுந்தது.

இங்கேயும் ஓட்டை உண்டு, ஒளிக்க மாட்டேன். இரண்டு ஜெர்மனியும் சேர்ந்த பிறகு, 1992-இல் 168 குழுக்கள் இருந்தன. கிழக்கில் நிறையக் குழுக்களை மூடினார்கள், இணைத்தார்கள். 2016-இல் ஸ்டுட்கார்ட் வானொலிக் குழுவையும் ஃப்ரைபர்க் பக்கத்துக் குழுவையும் ஒன்றாக்கிய போது எவ்வளவோ போராட்டம் நடந்தது. நிற்கவில்லை. ஆனாலும் போராட ஊர்ச் சனம் வந்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

ரெண்டாவது ஸ்டாண்ட்:
சனம் வருவதைப் பற்றிச் சொன்னீர்கள், நெஞ்சில் குத்துகிறது. சென்னையில் கோரஸ் பாடும் மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893-லிருந்து இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளத்துக்கு வாசிக்க ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா? இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில்தான் அரங்கேறியது. மும்பையில் என்.சி.பி.ஏ. என்ற கலை மையம் 2006-இல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவை ஆரம்பித்தபோது, நிறைய நாற்காலிகளில் கஜகஸ்தானிலிருந்து வந்தவர்களை உட்கார வைக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளில் அந்தத் தரத்துக்கு ஆள் போதவில்லை. அந்தப் பெண் அங்கே போனால் திரும்பி வர ஒரு நாற்காலி இல்லை. அதனால்தான் பயப்படுகிறேன்.

இன்னொன்று, அம்மா. எட்டாம் கிரேடு என்பது வாசல்படி. அங்கே நுழைவுத் தேர்வுக்கு வரும் பிள்ளைகள் ஐந்தாறு வயதிலிருந்து தினமும் மணிக்கணக்கில் வாசித்தவர்கள்.

வியோலா:
இதில் அண்ணாவோடு முழுதாக ஒத்துப்போகிறேன். அக்கா, பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இங்குள்ள ஒரு ஆசிரியரிடம் அவளை ஒருக்கா வாசிக்க வையுங்கள். கோடைகால வகுப்புகளில் அதற்கு வாய்ப்புக் கிடைக்கும். பல மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. விசாவுக்கு வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகைதான் பெரிது, 2024-இல் வருடத்துக்கு 11,904 யூரோ ஆக்கினார்கள்.

மினசோட்டாக்காரன்:
நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2013 அக்டோபரில் மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவின் இசை நடத்துநர் ஓஸ்மோ வான்ஸ்கா ராஜினாமா செய்துவிட்டு, வெளியே நிறுத்தப்பட்ட கலைஞர்களோடு விடைபெறும் கச்சேரி நடத்தினார். கடைசியில் வாசித்தது சிபெலியஸ் எழுதிய சோக வால்ட்ஸ் என்ற சிறு இசை. கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முடிந்ததும் அத்தனை பேரும் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனோம். என் பக்கத்து இருக்கைப் பெரியவர் கோட்டைக்கூட மாட்டாமல் கையில் பிடித்தபடி நடந்தார். அடுத்த வருடம் வான்ஸ்கா திரும்பி வந்தார். இந்த வேலையை நம்பாதே என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் சீசன் டிக்கெட் எடுக்கிறேன்.

தாம்பரம் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. அவள் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஆசிரியர் முன்னால் வாசிக்கட்டும், அதுவரை விண்ணப்பம் வேண்டாம் என்றார். சரி என்றாள். நீங்கள் சொன்ன 'டான் ஹுவான்' முதல் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மணி நேரமாக முதல் இரண்டு வரியிலேயே நிற்கிறாள், தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியைப் பாதி வேகத்தில் வைத்து. கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், இன்னும் வரவில்லை.