சொந்தக் கச்சேரிப் பதிவையே நகலெடுக்க மறுக்கும் டாட் டெக்: இந்தப் பூட்டு எங்கிருந்து வந்தது?

சபா_ஆவணம்:

வணக்கம். எங்கள் சங்கத்தின் 1990களின் நடுப்பகுதிக் கச்சேரிப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். மேடை மிக்சரிலிருந்து வீட்டு வகை டாட் (டிஜிட்டல் ஒலிநாடா) டெக்கின் அனலாக் உள்ளீட்டில் பதிவானவை. அப்போதே டிஜிட்டல் கேபிள் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலும் எடுத்து வைத்திருக்கிறார்கள். மூல நாடாக்களில் பாதிக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது, அவற்றுக்கு இப்போது நகல்தான் கதி.

அந்த நகலை ஆப்டிகல் கேபிள் வழியாக சிடி ரெக்கார்டருக்கு அனுப்பினால் 'நகல் தடை' என்று காட்டி நின்றுவிடுகிறது. பூஞ்சை இல்லாத மூல நாடாவை அனுப்பினால் மறுபேச்சில்லாமல் பதிவாகிறது. இது எங்கள் சொந்தப் பதிவு, எந்த கம்பெனியும் வெளியிட்டதல்ல. பிறகு ஏன் தடை? தரம் குறையாமல் எடுக்க என்ன வழி? இந்த விதியைப் போட்டது யார் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்போது ஏஐ இசைக்கும் கண்ணுக்குத் தெரியாத முத்திரை வேண்டும் என்கிறார்கள், அதுவும் இதே கதையாகுமா என்று சங்கத்தில் ஒரு விவாதம் ஓடுகிறது.

ஒலிப்பொறி:

டெக்கில் பழுது எதுவும் இல்லை சார். வடிவமைத்தபடிதான் வேலை செய்கிறது. இதற்குப் பெயர் எஸ்சிஎம்எஸ் (சீரியல் காப்பி மேனேஜ்மென்ட் சிஸ்டம்). நகலின் நகலைத் தடுப்பதற்கென்றே வைத்த முறை.

டிஜிட்டல் கேபிளில் ஒலியோடு நிலைத் தகவலும் சேர்ந்து போகும். 192 ஃபிரேம் ஒரு தொகுதி, அதில் ஒரு சேனலுக்கு 192 பிட். சுழியத்திலிருந்து எண்ணினால் 0ஆவது பிட் வீட்டு வகையா தொழில்முறை வகையா என்று சொல்லும். 2ஆவது பிட் 0 ஆக இருந்தால் பதிப்புரிமை கோரப்பட்டிருக்கிறது என்று பொருள். 8 முதல் 14 வரை எந்த வகைச் சாதனத்திலிருந்து வருகிறது, 15ஆவது பிட் மூலமா நகலா. பதிவு செய்யும் டெக் இவற்றைப் படித்துவிட்டு நாடாவில் இரண்டே பிட்டில் தன் முடிவை எழுதும்: 00 என்றால் எத்தனை நகல் வேண்டுமானாலும், 11 என்றால் இன்னும் ஒரு தலைமுறை, 10 என்றால் அதோடு சரி.

அனலாக் உள்ளீட்டில் வருவது உங்கள் மேடைக் கச்சேரியா, கடையில் வாங்கிய இசைத்தட்டா என்று வீட்டு டெக்குக்குத் தெரிய வழியில்லை. அதனால் எது வந்தாலும் 11 எழுதும். மூல நாடா ஏற்கப்படுவது அதனால்தான். அதிலிருந்து எடுத்த நகலில் 10 விழுந்துவிட்டது, அடுத்த இயந்திரம் அதைப் பார்த்துவிட்டு நிற்கிறது.

சிடி ரெக்கார்டரை ஒதுக்கி வையுங்கள். எஸ்/பிடிஐஎஃப் (வீட்டுச் சாதனங்களின் டிஜிட்டல் ஒலி இணைப்பு) உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றைக் கணினியில் பொருத்துங்கள். கணினிக்கான இன்டர்ஃபேஸ்களில் பெரும்பாலானவை இந்த பிட்டுகளைக் கண்டுகொள்வதே இல்லை. கவனிக்க வேண்டியது கிளாக், அதாவது ஒலி மாதிரிகளுக்கு நேரம் வகுக்கும் துடிப்பு. இன்டர்ஃபேஸின் கிளாக்கை 'எக்ஸ்டர்னல்' அல்லது 'எஸ்/பிடிஐஎஃப்' என்று மாற்றாவிட்டால் சில நொடிகளுக்கு ஒருமுறை 'டிக்' சத்தம் விழும். அது நாடாவின் கோளாறு என்று நினைத்து டெக்கின் தலையை (நாடாவைப் படிக்கும் பகுதி) திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நாடா 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் மென்பொருளிலும் 48, 16 பிட். 44.1க்கு மாற்றுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 690 எம்பி ஆகும்.

ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு நாடாவையும் கடைசி வரை முன்னோட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் இருந்த நாடாவின் இழுவை அப்போதுதான் சீராகும். பூஞ்சை நாடாவை மட்டும் இந்த டெக்கில் போடவே போடாதீர்கள். தலையில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் தொற்றும். டிரம்மை (தலைகள் பொருத்திய சுழல் உருளை) துடைக்கச் சாமாய் என்ற மென்தோல் குச்சியும் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் போதும். குச்சியை அசைக்காமல் வைத்துக்கொண்டு டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடையும், பஞ்சுக் குச்சியின் நார் தலையில் சிக்கும்.

காப்புரிமை_வாசகன்:

யார் போட்டது என்ற கேள்விக்கு வருகிறேன். தொழில்நுட்பத்தைக் கண்டு பயந்த ஒரு தொழில்துறையும் நாடாளுமன்றமும் என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு குறைவு.

டாட் 1987இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. எத்தனை முறை நகலெடுத்தாலும் தரம் குறையாது என்பதுதான் அமெரிக்க இசை கம்பெனிகளின் கவலை. இறக்குமதி செய்தால் வழக்குப் போடுவோம் என்றார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, முதல் வீட்டு டெக்குகள் 44.1 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் உள்ளீட்டில் பதிவே செய்யாதபடி தயாரிக்கப்பட்டன. சிடியிலிருந்து நேரடியாக எடுக்க முடியாது.

அதுவும் போதவில்லை. சிபிஎஸ் நிறுவனம் 'காப்பிகோட்' என்ற முறையை முன்வைத்தது. இசைத்தட்டிலேயே 3,840 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையை வெட்டி எடுத்துவிடுவார்கள், டெக்கில் உள்ள சிப் அந்த வெற்றிடத்தைக் கண்டால் பதிவை நிறுத்தும். பியானோவின் மேல் கோடியில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிற இடம் அது. அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்திடம் சோதனைக்கு அனுப்பியது. 1988இல் முடிவு வந்தது: சொன்ன வேலையை நம்பகமாகச் செய்யவில்லை, ஒலியைக் கெடுக்கிறது, எளிதாக ஏமாற்றலாம். யோசனை அங்கேயே முடிந்தது. சட்டம் எழுதுவதற்கு முன் ஒரு பொறியியல் சோதனைக்கு அனுப்பினார்களே, அந்த ஒரு முடிவுக்காக அன்றைய நாடாளுமன்றத்தை நான் உண்மையாகவே பாராட்டுவேன்.

அதே காலத்தில், 1988 ஜனவரியில், சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை சோனி வாங்கி முடித்திருந்தது. டெக் தயாரிப்பவரும் இசை விற்பவரும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். 1989இல் ஏதென்ஸில் இரு தரப்பும் எஸ்சிஎம்எஸ்ஸுக்கு ஒப்புக்கொண்டன. ஆனால் அந்த மேசையில் பாடலாசிரியர்களுக்கு இடமில்லை. பணம் என்ற பேச்சே இல்லாத உடன்பாடு எங்களுக்கு எதற்கு என்று பாடலாசிரியர் சாமி கானும் மற்றவர்களும் 1990இல் சோனி மீது வழக்குப் போட்டார்கள். 1991இல் சமரசம் ஆனது. அந்தச் சமரசம்தான் 1992 அக்டோபர் 28 அன்று வீட்டு ஒலிப்பதிவுச் சட்டமாகக் கையெழுத்தானது.

சட்டத்தின் கணக்கு இது. டிஜிட்டல் ரெக்கார்டருக்கு அதன் பரிமாற்ற விலையில் (கடை விலை அல்ல, தயாரிப்பாளர் கைமாற்றும் விலை) 2 சதவீதம், குறைந்தது 1 டாலர், பொதுவாக அதிகபட்சம் 8 டாலர். வெற்று நாடா, டிஸ்க்குக்கு 3 சதவீதம். திரளும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு ஒலிப்பதிவு நிதிக்கு, ஒரு பங்கு இசைப்படைப்பு நிதிக்கு. பின்னதைப் பதிப்பாளரும் எழுதியவரும் பாதிப் பாதி. பதிலுக்கு, வணிக நோக்கமின்றி வீட்டில் நகலெடுப்பவர் மேல் வழக்குப் போட முடியாது. வீட்டு ரெக்கார்டர் எல்லாவற்றிலும் எஸ்சிஎம்எஸ் கட்டாயம், தொழில்முறை டெக்குக்கு மட்டும் விலக்கு.

இந்தச் சட்டம் தோற்றது ஒரு வரையறையில். முதன்மையாக இசையை நகலெடுக்கச் செய்த சாதனத்தைத்தான் சட்டம் பிடிக்கும், பொதுப்பயன் கணினி அதில் வராது. 1992இல் அது சின்ன விலக்கு. 1998இல் டயமண்ட் நிறுவனத்தின் ரியோ வந்தது: 32 எம்பி நினைவகம், எம்பி3 ஓடும். இசை கம்பெனிகளின் சங்கம் வழக்குப் போட்டது. ரியோவுக்குப் பாட்டு கணினியின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறது, சட்டம் சொல்லும் 'டிஜிட்டல் இசைப்பதிவு' ஹார்ட் டிஸ்க் அல்ல, ஆகவே ரியோ இந்தச் சட்டத்துக்குள் வராது என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999 ஜூனில் சொல்லிவிட்டது. கார்களில் சிடியை ஏற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க்குகள் பற்றிய வழக்கிலும் 2020இல் முடிவு அதே பக்கம்தான். ஆக, பிட் எண்ணும் பூட்டு உங்களைப் போல நாடாவை நம்பியவர்களை மட்டும் பிடித்துக்கொண்டது, நகலெடுப்பு முழுக்கக் கணினிக்குப் போய்விட்டது.

இன்னொரு தகவல்: அந்த சிடி ரெக்கார்டரில் 'ஆடியோ' என்று அச்சிட்ட, கட்டணம் கட்டிய வெற்று டிஸ்க் மட்டுமே ஏறும். கணினி டிஸ்க்கைப் போட்டால் அதன் உட்குறியீட்டைப் படித்துவிட்டுத் துப்பிவிடும். அதற்காக அலைய வேண்டாம்.

நாணயவியல்:

மேலே சொன்ன விவரங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'இயந்திரத்தின் மேல் கட்டணம் போட்டதால் தோற்றது' என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெர்மனியைப் பாருங்கள்.

அங்கே இசை உரிமைச் சங்கமான கெமா, டேப் ரெக்கார்டர் வாங்குபவரின் பெயரையும் அடையாள அட்டையையும் கடைக்காரர் வாங்கித் தர வேண்டும் என்று கேட்டது. வீட்டுக்குள் நுழைந்து சோதிக்கும் நிலை வரும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1964இல் மறுத்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் வேறு வழி பிடித்தது: வீட்டில் நகலெடுத்துக்கொள், ரெக்கார்டர் தயாரிப்பவர் விற்பனை விலையில் 5 சதவீதம் வரை கட்டட்டும். 1985இல் வெற்று நாடாவும் சேர்ந்தது. 2008 முதல் வரையறை என்ன தெரியுமா? எந்த வகைச் சாதனம் நடைமுறையில் நகலெடுக்கப் பயன்படுகிறதோ அது. அதனால் கணினியும் கைபேசியும் உள்ளே வந்தன. அமெரிக்கச் சட்டம் சாதனத்தின் நோக்கத்தைக் கேட்டது, ஜெர்மன் சட்டம் அதன் பயனைக் கேட்டது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் ஒன்று உயிரோடிருக்கிறது.

அமெரிக்காவிலேயே பழைய உதாரணம் உண்டு. 1908இல் பியானோ சுருள் (தானியங்கிப் பியானோவை வாசிக்க வைக்கும் காகிதச் சுருள்) வழக்கு. துளையிட்ட காகிதத்தை மனிதர் கண்ணால் படிக்க முடியாது, எனவே அது இசைக்குறிப்பின் நகல் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. ஆனால் உரிமையை முழுதாகக் கொடுத்தால் பதிப்பாளர்களுடன் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்த ஏயோலியன் என்ற சுருள் கம்பெனி சந்தை முழுவதையும் வளைத்துவிடும். எனவே ஒருவருக்கு அனுமதி தந்தால் அதே கட்டணத்தில் எல்லோருக்கும் தந்தாக வேண்டும் என்று எழுதினார்கள்: சுருளுக்கு 2 சென்ட். அந்தக் கட்டாய உரிமம் இசைத்தட்டு, கேசட், சிடி எல்லாவற்றையும் தாண்டி வந்து, 2018 சட்டத் திருத்தத்துக்குப் பின் ஸ்ட்ரீமிங்குக்கும் மொத்த உரிமமாக நிற்கிறது.

அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். தொகையைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். 1909இன் 2 சென்ட் 1978 வரை 2 சென்ட்தான். ஏறக்குறைய எழுபது வருடம் விலைவாசி ஏற, எழுதியவனின் பங்கு கரைந்துகொண்டே போனது. பிறகுதான் அவ்வப்போது திருத்தும் முறை வந்தது.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டத்தின் 50ஆம் பிரிவு செயற்கை ஒலி, படத்துக்கு இயந்திரம் படிக்கும் அடையாளம் கேட்கிறது. எஸ்சிஎம்எஸ் பிறந்த அதே சிந்தனை. கோப்பை மறுபடி குறியாக்கம் செய்தாலும், ஒலிபெருக்கியில் ஓட்டி மைக்கில் பிடித்தாலும் அந்த அடையாளம் தங்குமா என்ற சோதனை இல்லாமல் அதை நம்பக் கூடாது. இந்தியாவில் டிபிஐஐடி (தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை) குழு 2025 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை ஏஐ பயிற்சிக்குக் கட்டாய உரிமமும் ராயல்டியும் என்கிறது. அது 1909 வழி. எனக்கு இரண்டாவதே மேல், ஆனால் மறுக்கும் உரிமை படைப்பாளியிடமிருந்து போகிறது. கட்டணத்தை யார், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள் என்பது அறிக்கையில் நான் முதலில் தேடும் வரி.

சபா_ஆவணம்:

எல்லோருக்கும் நன்றி. கிளாக் விஷயம் சொன்னது பெரிய உதவி. இன்னும் இரண்டு சந்தேகம். சில நாடாக்களில் நான்கு மணி நேரப் பதிவு இருக்கிறது, இன்டர்ஃபேஸ் அவற்றை ஏற்க மறுக்கிறது. பிறகு, மாற்றியதை யூடியூபில் போடலாமா? இந்தப் பூட்டைத் தாண்டுவது இங்கே குற்றமா?

ஒலிப்பொறி:

அவை எல்பி (லாங் ப்ளே) முறையில் பதிவானவை: 32 கிலோஹெர்ட்ஸ், 12 பிட். பல இன்டர்ஃபேஸ்கள் 32ஐ ஏற்காது. 32 ஏற்கும் ஒன்றை இரவல் வாங்குங்கள், இல்லையென்றால் அந்த நாடாக்களுக்கு மட்டும் அனலாக் வெளியீட்டில் எடுத்துவிடுங்கள். எல்பி முறைத் தரத்துக்கு நல்ல கன்வெர்ட்டர் வழியாகப் போனால் காதுக்குத் தெரியும் இழப்பு இராது. சில நாடா ஒரு டெக்கில் மட்டும் கரகரத்தால், பதிவு செய்த டெக்கின் தலை ஒழுங்கு மாறியிருந்திருக்கும். பழைய டெக் சங்கத்தில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த நாடாக்கள் அதில்தான் சரியாக ஓடும்.

காப்புரிமை_வாசகன்:

பூட்டு: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பாதுகாப்பை உடைப்பதைத்தான் தண்டிக்கிறது. சொந்தப் பதிவைப் பாதுகாக்க எடுப்பதில் அந்த எண்ணம் இல்லை.

யூடியூப் வேறு விஷயம். பதிவு சங்கத்துடையது என்றாலும் பாடியவர், வாசித்தவர் ஒவ்வொருவருக்கும் 38ஆம் பிரிவில் தனி உரிமை உண்டு. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டு. 1995 கச்சேரி என்றால் 2045 முடியும் வரை. மிருதங்கம், வயலின், கடம் என ஒருவரையும் விடாமல் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், மறைந்தவருக்கு வாரிசிடம். பாடல்களையும் பாருங்கள். தியாகராஜர், தீட்சிதர் கிருதிகளுக்குத் தடையில்லை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், அவர் படைப்புகளுக்கு 2033 இறுதி வரை பதிப்புரிமை உண்டு.

நூலகப் பாதுகாப்புக்கான 52(1)(என்) விலக்கை நம்பி இறங்காதீர்கள். அது வணிகநோக்கற்ற பொது நூலகத்துக்கானது, அதுவும் கையில் டிஜிட்டல் அல்லாத பிரதி இருந்தால்தான். டாட் நாடா பிறவியிலேயே டிஜிட்டல். சங்கத்துக்குள் ஆராய்ச்சி, கற்பித்தலுக்கு மட்டும் என்றால் 39(ஏ) பொருந்தும். அதையும் சங்கத் தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.