மருந்து பலன் தந்த பிறகும் தம்பி முடங்கியே இருக்கிறான்: மறுவாழ்வை எப்போது தொடங்குவது?

கேள்வி (ஓர் அக்கா):
என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மருந்தைத் தவறாமல் உட்கொள்வதால் காதில் கேட்ட குரல்களும் சந்தேகங்களும் பெருமளவு அடங்கிவிட்டன. ஆனாலும் நாள் முழுவதும் படுத்தே கிடக்கிறான். குளிப்பதற்குக்கூடப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்கிறார். அவன் அவ்வப்போது வேலைக்குப் போக வேண்டும் என்கிறான். முழுமையாகக் குணமாகட்டும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். காத்திருப்பதா, இப்போதே தொடங்குவதா?

மறுமொழி (மனநல சமூகப் பணியாளர்):
இப்போதே தொடங்குங்கள், சகோதரி. ஊக்கமின்மை, பேச்சுக் குறைவு, ஒதுங்கியிருத்தல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகளே. குரல்களை அடக்கும் மருந்துகள் இவற்றில் குறைவாகவே பலன் தருகின்றன. மருந்தால் வரும் மந்தமும் மனச்சோர்வும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால், அதை மட்டும் மருத்துவரிடம் முதலில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

முதலில் நீண்ட பயிற்சி, பிறகு வேலை என்பதே வெகுகாலம் வழக்கமாக இருந்தது. பலர் அந்தப் பயிற்சிக்கூடங்களைத் தாண்டவே இல்லை. 1990களில் அமெரிக்காவில் மனநல ஆய்வாளர்களான ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் வளர்த்தெடுத்த முறை இந்த வரிசையை மாற்றியது. வேலை செய்ய விரும்பும் எவரையும் நோயின் கடுமையைக் காட்டி விலக்காமல், அவர் விரும்பும் வகையான வேலையைப் பொதுவான பணியிடத்திலேயே விரைவில் தேடித் தந்து, சேர்ந்த பிறகும் மனநலக் குழு துணைநிற்கிறது. பல நாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், பழைய முறையைவிட ஏறத்தாழ இருமடங்கினர் இதன்வழி வேலை பெற்றிருக்கிறார்கள். இம்முறையில் சேர, வேலை செய்ய வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி; அது உங்கள் தம்பியிடம் இருக்கிறது.

மறுமொழி (ஒரு தாய்):
அப்பாவின் கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகள், இடைவிடாத குறைகூறலும் அளவுமீறிய அரவணைப்பும் உள்ள வீடுகளில் நோய் மீண்டும் தீவிரமாவது அதிகம் என்று காட்டின. இதைச் சொல்லி அவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அச்சம்தான் கோபமாக வெளிப்படுகிறது. மருத்துவமனையில் குடும்பத்தினருக்கான வகுப்பு நடந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். என் மகள் பகுதிநேர வேலையில் சேர்ந்தபோது காலைத் தூக்கக் கலக்கமே பெருந்தடையாக இருந்தது. மருத்துவர் மருந்து நேரத்தை மாற்றியதும் அது குறைந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வேலைச்சுமையால் நோய் மீண்டும் கூடிவிடுமோ என்பதே எங்கள் பெரிய பயம்.

மறுமொழி (இந்நோயுடன் வாழ்பவர்):
அந்தப் பயம் எனக்கும் இருந்தது. தூக்கம் குறைதல், எரிச்சல் கூடுதல் என எனக்குரிய முன்னறிகுறிகளையும், அப்போது யாரை அழைப்பது, எந்தப் பொறுப்பைக் குறைத்துக்கொள்வது என்பதையும் நலமாக இருக்கும்போதே எழுதி வைத்திருக்கிறேன். தம்பியும் தம் கைப்பட எழுதட்டும்.

மற்றொன்றையும் கேட்கிறேன்: எந்த வேலை வேண்டும் என்று அவரிடம் கேட்டீர்களா? 1948இல் நியூயார்க்கில் ‘ஃபவுண்டன் ஹவுஸ்’ என்ற மன்றத்தைத் தொடங்கியதில் மனநல மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர்களுக்கே முதன்மைப் பங்கு உண்டு. அங்கே அவர்கள் நோயாளிகள் அல்லர், உறுப்பினர்கள். சமையலறை முதல் அலுவலகம் வரை ஊழியர்களோடு சேர்ந்து அவர்களே நடத்துகிறார்கள். எந்த வேலை, எத்தனை மணி நேரம், முதலாளியிடம் நோயைச் சொல்வதா வேண்டாமா என்பவற்றை உங்கள் தம்பியே தீர்மானிக்க வேண்டும். நீங்கள் உடனிருந்து யோசிக்க உதவுங்கள்.